டொலர் கடைக் குசினி

சென்ற ஆகஸ்ட்டில் எங்கள் வாலிபர் குழுவிலிருந்து எட்டுப் பேர் அல்கொன்குயின் பூங்காவுக்குப் போனோம். காரை நிறுத்திப் பக்கத்திலேயே கூடாரம் அடிக்கிற வழக்கமான முகாம் இல்லை. கனூ ஏரியில் தொடங்கி, வள்ளத்தில் உள்ளே போய் இரண்டு இரவு தங்குவதுதான் திட்டம். அங்கிருந்து ஜோ ஏரிக்குப் போக இடையில் சுமார் 300 மீட்டர் தரைவழி உண்டு. அந்தத் தூரம் வள்ளத்தையும் பைகளையும் தோளில்தான் கொண்டுபோக வேண்டும். பைக்குள் எது தேவையில்லாதது என்பதை அந்த 300 மீட்டர் உங்களுக்குச் சொல்லித் தரும்.

சமையற் சாமான்களுக்கு நான் பொறுப்பு. முகாம் பொருட்கள் விற்கும் கடைக்குப் போய் விலைகளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வெளியே வந்தேன். அங்கே ஒரு டைட்டேனியப் பானை விற்ற விலைக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கி மிச்சமும் வரும். ஆகவே டொலர் கடை. வான்கோழி வாட்டும் பெரிய அலுமினியத் தட்டு ஒன்று, கார்க் கண்ணாடிக்கு வெயில் மறைக்கும் வெள்ளித் தடுப்பு ஒன்று. பூங்காவின் உட்பகுதிக்குள் பாவித்து எறியும் தகரப் பேணிகளும் போத்தல்களும் கொண்டுபோகத் தடை இருப்பதால், அம்மா எடுத்து வைத்த மீன்பேணிகள் வீட்டிலேயே நின்றுவிட்டன. கடலைவெண்ணெய் முடிந்த பிளாஸ்டிக் போத்தல்களைக் கழுவி, வறுத்த ரவையும் சம்பலும் நிரப்பினேன். திரும்பி வந்த பிறகும் அவற்றைத்தான் பாவிக்கிறோம்.

அலுமினியத் தட்டை வெட்டி, நீளத் துண்டாக மடித்து, அடுப்பைச் சுற்றி வைக்கக் காற்றுத் தடுப்புச் செய்தேன். வீட்டுத் தராசில் 18 கிராம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்களுடையது காஸ் சிலிண்டரின் தலையில் நேரே திருகிப் பூட்டும் சின்ன அடுப்பு. முதல் இரவு ஏரிக்காற்று பலமாக வீசியது. அடுப்பையும் சிலிண்டரையும் சேர்த்துத் தடுப்பால் முழுவதுமாகச் சுற்றிவிட்டேன். தண்ணீர் உடனே கொதித்தது, எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த 14 வயதுத் தம்பி தடுப்புக்குள் விரலை விட்டுவிட்டு, "அண்ணா, சிலிண்டர் சுடுது" என்றான்.

அடுப்பை நிறுத்தினேன். சிலிண்டரில் கை வைக்க முடியவில்லை. அதற்குள் இருப்பது அழுத்தத்தில் அடைத்த வாயு. சூடு ஏற ஏற அழுத்தமும் ஏறும், எல்லை தாண்டினால் வெடிக்கும். நான் படங்களில் பார்த்த தடுப்புகள் ஸ்பிரிட் அடுப்புக்குச் செய்தவை. ஸ்பிரிட் அழுத்தத்தில் அடைபட்டிருப்பதில்லை. அதனால் கீழே காற்றுக்கு வழி விட்டுச் சுற்றி மறைக்கலாம். நான் உருவத்தை மட்டும் பார்த்துச் செய்திருந்தேன். அன்று இரவு நித்திரை வரவில்லை. "நான் பார்த்துக்கொள்ளுறன், அன்ரி" என்று அவனுடைய தாயிடம் சொல்லித்தான் அவனைக் கூட்டி வந்திருந்தேன்.

மறுநாள் தடுப்பைக் காற்று வரும் பக்கம் மட்டும், சிலிண்டரிலிருந்து தள்ளி அரைவட்டமாக நிறுத்தினோம். தண்ணீர் கொதிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தது. சிலிண்டர் குளிர்ச்சியாகவே இருந்தது.

வெள்ளித் தடுப்பை நான் வாங்கியது படுக்கைக்குக் கீழே விரிக்க. ஆனால் வீட்டில் ஒத்திகை பார்த்தபோது அம்மா கேட்டார்: "தம்பி, கொதிச்ச பிறகும் ஏன் அடுப்பிலை வச்சு எரிக்கிறாய்? இறக்கிச் சுத்தி மூடி வை, தானா அவியும்." இடம்பெயர்ந்திருந்த காலத்தில் விறகு கிடைக்காதபோது சோற்றுப் பானையைச் சாக்கால் சுற்றி வைப்பார்களாம். அதை அவர் முன்பு ஒருநாளும் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. பானை அளவுக்குத் தடுப்பை வெட்டி, ஒட்டும் பட்டியால் உறையும் மூடியும் செய்து தந்தார். கொதிநீரில் ரவையைத் தூவிக் கிளறி, மூடி, உறைக்குள் 15 நிமிடம் வைத்தோம். அன்று ஜெபித்தவர் நீண்ட ஜெபக்காரர். திறந்தபோதும் ஆவி பறந்தது. அடுப்பால் இறக்கியதும் உடனே உறைக்குள் வைக்காதீர்கள், அடிச்சூட்டில் பிளாஸ்டிக் உருகும். எங்கள் உறையில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது.

இந்த வருடம் 14 பேர் வருகிறார்கள். அந்தத் தம்பியும் வருகிறான். அடுப்பைத் தன்னிடம் தரச் சொல்லிக் கேட்டான், இன்னும் கொடுக்கவில்லை. உங்கள் காரில் பழைய வெள்ளித் தடுப்பு சும்மா கிடந்தால் ஞாயிறு கொண்டுவாருங்கள். இன்னும் இரண்டு உறை வேண்டும், அம்மா வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.