கரும்பலகைக்கு அருகில் ஒரு திரை



எங்கள் குடும்பத்தில் ஆசிரியப் பணியில் இருப்போர் மூவர். பெருநாள் விருந்துக்குக் கூடினாலும் பேச்சு பள்ளிக்கூடத்தில்தான் போய் நிற்கும். அண்மைக் காலமாக அப்பேச்சில் ஒரு கலக்கம் ஒலிக்கிறது. “25 ஆண்டுகள் சாக்பீஸைப் பிடித்த கை இது. பிள்ளைகள் முன்னிலையில் அந்தக் கருவி இயங்காமல் நின்றுவிட்டால் என் மரியாதை என்னாவது?” என்று கேட்டார் எங்கள் பெரியம்மா.

அக்கேள்வியைச் சோம்பல் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. வீட்டிலேயே கைப்பேசியுடன் வளரும் பிள்ளைகள் முன் அறியாதவராய் நிற்க நேருமோ என்ற அச்சம் அதில் இருக்கிறது. ஆயினும் அந்த அச்சத்தின் விலையைப் பிள்ளைகள் கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாதல்லவா?

தமிழ்நாட்டில் பாடப்பொருளுக்குப் பஞ்சமில்லை. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2019இல் கல்வித் தொலைக்காட்சியும், 2023இல் மணற்கேணி செயலியும் வந்தன. இருந்தும், காணொளியை ஓடவிட்டு ஓரமாய் அமர்வதால் பாடம் நடந்துவிடாது. அதைப் பாடமாக்குவது ஆசிரியரே.

நமக்கு நன்கு பழக்கமான பிறையையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் 29ஆம் நாள் மஃரிபுக்குப் பின் மேற்கு வானத்தைப் பார்க்கும் நம் பிள்ளைகளிடம், நிலவு ஏன் வளர்ந்து தேய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பூமியின் நிழல் விழுவதால் என்பார்கள் பலர். நிழல் விழுவது சந்திர கிரகணத்தில் மட்டுமே. நிலவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில் இருக்கிறது. அது பூமியைச் சுற்றிவருகையில் அந்த ஒளிப் பாதியில் நம் கண்ணுக்குத் தெரியும் அளவே மாறுகிறது. அசையாத படத்தில் இது விளங்குவது கடினம். மூன்று நிமிட அசைபடம் போதும். ஆனால் முதலில் பிள்ளைகளின் விடைகளைக் கரும்பலகையில் எழுதி, படத்தைப் பாதியில் நிறுத்தி, “இனி என்ன தெரியும்?” என்று கேட்க ஆசிரியர் வேண்டும்.

கண்ணுக்குக் காட்டிக் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. நபி (ஸல்) அவர்கள் ஒரு சதுரம் வரைந்து, அதன் நடுவிலிருந்து வெளியே நீளும் கோடு ஒன்றை இழுத்து, மனிதனைச் சூழ்ந்திருக்கும் தவணையையும் அதையும் தாண்டி நீளும் அவனது ஆசையையும் தோழர்களுக்கு விளக்கியதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அன்று கோடுகள் செய்த பணியையே இன்று திரையும் செய்யலாம்.

ஆசிரியப் பெருமக்களே, வாரத்திற்கு ஒரு பாடத்தில் தொடங்குங்கள். படத்தை வீட்டிலேயே முழுமையாகப் பார்த்துத் தரவிறக்கிக் கொள்ளுங்கள். இணையம் நின்றாலும் கவலையில்லை, வேண்டாத விளம்பரமும் குறுக்கிடாது. கருவி நின்றால் ஒரு மாணவரை உதவிக்கு அழையுங்கள். கற்றுக்கொள்ளும் ஆசிரியரைக் கண்டு பிள்ளைகளின் மதிப்பு கூடுமே அன்றிக் குறையாது.

பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். திரையை மாட்டிவிட்டுக் கணக்குக் கேட்காதீர்கள். பழகுவதற்கு நேரமும், அருகிலிருந்து சொல்லித்தர ஓர் இளைய ஆசிரியரையும் கொடுங்கள். 25 ஆண்டு அனுபவம் அந்தத் திரையின் அருகே வந்து நின்றால் பயன் பெறுபவர்கள் நம் பிள்ளைகளே, இன்ஷா அல்லாஹ்.