தப்பிய வெட்டு எங்கே போகும்?

கோடரியைத் தூக்கும்போது எனக்கு இன்றும் பயம் உண்டு. பழனிமலைச் சரிவில், மின்கம்பி எட்டாத நிலத்தில் குடியேறிய புதிதில் அதை வெளியே சொல்லக் கூசினேன். சோறு, வெந்நீர், ஐப்பசி மழைக் குளிர் எல்லாவற்றுக்கும் விறகுதான் கதி. விறகு பிளக்கப் பயந்தவனுக்கு மலையில் என்ன வேலை என்று கேட்டுவிடுவார்களே!

மரம் வெட்டியே வாழ்ந்த பெரியவர் ஒருவரிடம்தான் வாய்விட்டுச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “கட்டைய அப்புறம் பாருங்க தம்பி. வெட்டு தப்புனா இரும்பு எங்க போயி நிக்கும்? அத மொதல்ல பாருங்க” என்றார்.

அந்தக் கேள்விதான் எனக்கு வழிகாட்டியது. பிளக்கும் துண்டை அடிக்கட்டையின் நடுவில் வைக்காமல் எதிர்ப்பக்க விளிம்பை ஒட்டி நிறுத்துகிறேன். வீச்சு எட்டாமல் போனால், என் பக்கம் மிஞ்சியிருக்கும் அடிக்கட்டையில் இரும்பு இறங்கிவிடும். அதைவிட முக்கியம் முழங்கால். விறைத்து நின்று தோளை மட்டும் சுழற்றினால், தப்பிய கோடரி வட்டமடித்து நம் காலைத் தேடித்தான் வரும். காலை அகட்டி நின்று, இரும்பு இறங்கும்போது முழங்காலையும் இடுப்பையும் மடக்கினால் அது நேரே கீழ்நோக்கி இறங்கும். கட்டையே வைக்காமல், கோடரியை மெதுவாக இறக்கி இறக்கிப் பார்த்துத்தான் இது என் உடம்புக்குப் பழகியது.

வாட்டில் மரம் பெரும்பாலும் நேராகப் பிளக்கும். யூகலிப்டஸ் அப்படியில்லை. அதன் நார் முறுக்கிக் கிடக்கும். காயவிட்டால் இரும்பையே திருப்பி எறியும். ஈரம் இருக்கும்போதே, ஓரத்திலிருந்து பிளந்து வைத்துவிட வேண்டும். கணு உள்ள துண்டோடு நான் மல்லுக்கட்டுவதே இல்லை; அது முழுதாகவே அடுப்புக்குப் போகும்.

மாசி, பங்குனிக் காற்றில் கோடரிக் காம்பு வற்றித் தலை ஆடத் தொடங்கும். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். காலையில் இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஊறிப் பருத்த மரம் இரும்புக் கண்ணுக்குள் நசுங்கிவிடுவதால், காய்ந்ததும் முன்னைவிடத் தளர்ந்துபோகும். ஆப்பை மாற்றி அடிக்கலாம், அல்லது காம்பையே மாற்றலாம். தலை ஆடும் கோடரியை என் வீட்டில் யாரும் தொடக்கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன்.

எங்கள் இடத்திலிருந்து ஜீப் பாதைக்கே இறங்கித்தான் போக வேண்டும். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் விடாமல் அழுத்த வேண்டும். காப்பித்தூள், மஞ்சள் எதுவும் அப்பக்கூடாது. அழுத்திப் பிடிக்கவும், ஓடிப்போய் ஆள் கூப்பிடவும் இன்னொருவர் வேண்டாமா? அதனால் தனியாக இருக்கும் நாட்களில் கோடரியை எடுப்பதில்லை. பொறுக்கிவைத்த சுள்ளியிலேயே சமைத்துக்கொள்கிறேன்.