கொள்ளுக்காய் வெடிக்கும் நேரம்

மனிதன் வேட்டையாடினான், பிறகு விதைத்தான், பிறகு வீடு கட்டிக் குடியேறினான். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கதை இவ்வளவுதான். தமிழ் வகுப்பில் ஐந்திணை படித்தபோதும் இதே படிக்கட்டுதான் மனத்தில் பதிந்தது. குறிஞ்சியில் வேட்டை, முல்லையில் மாடு, மருதத்தில் நெல். கார்டன் சைல்டு என்ற தொல்லியலாளர் 1930களில் இந்த மாற்றத்துக்குப் 'புதிய கற்காலப் புரட்சி' என்று பெயரே வைத்துவிட்டார். புரட்சி என்றதும், ஒருநாள் காலையில் எல்லாரும் வில்லைக் கீழே போட்டுவிட்டு ஏர் பிடித்தார்கள் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது!

பல்கலைக்கழகத்தில் ஒரு விருப்பப் பாடத்துக்காக இதைப் பற்றி எழுத வேண்டி வந்தது. மேற்காசியாவின் கோதுமையும் சீனாவின் நெல்லும் புத்தகங்களில் நிறையவே கிடைத்தன. தமிழர்களாகிய நம் பக்கத்தில் முதலில் எதை விதைத்தார்கள் என்று தேடியபோதுதான் வியப்பு. நெல் அல்ல. கொள்ளு, பச்சைப்பயறு, இரண்டு வகைச் சிறுதானியங்கள். தென்னிந்தியப் புதிய கற்கால ஊர்களில் திரும்பத் திரும்பக் கிடைப்பவை இவைதாம்.

எங்கள் ஆயா (அப்பாவின் அம்மா) பிறந்தது திருப்பத்தூர் பக்கம். அங்கிருந்து அதிக தூரமில்லாத பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மக்கள் தரையில் குழி தோண்டி, மேலே கூரை போட்டு வாழ்ந்திருக்கிறார்கள். அங்கே கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன.

இதை ஆயாவிடம் சொன்னேன். அவருக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தால், "கொள்ளுதானே, பஞ்சம் பொழைக்கிறவங்க தின்னது. வெளிய சொல்லாத பாப்பா" என்றார். ஆயா கொள்ளு ரசம் வைப்பார், கொள்ளுத் துவையல் அரைப்பார். ஆனால் விருந்தாளி வந்துவிட்டால் அது அடுப்பங்கரையை விட்டு வெளியே வராது. அரிசிச் சோறுதான் மரியாதை. இந்த வெட்கமும் பழையதுதான் போலிருக்கிறது. பழனி அருகே பொருந்தலில் 2009இல் பேராசிரியர் கா. ராஜன் தோண்டிய ஈமக் குழி ஒன்றில், நான்கு கால் சாடி நிறைய நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 490 வாக்கில். இறந்தவருக்கு வைக்கும் தானியமாக நெல் அப்போதே உயர்ந்துவிட்டது.

திருமணமாகி வந்த ஆயா முதலில் சாய் சீ பக்கத்துக் கம்பத்தில் குடியிருந்தார். (சாய் சீ என்றால் ஹொக்கியன் மொழியில் காய்கறிச் சந்தையாம்.) பிடோக் புதுநகரம் எழுந்தபோது வீவக வீட்டுக்கு வந்தார்கள். முருங்கையும் அவரைப்பந்தலும் கம்பத்தோடு போயின. இப்போது அவருக்கு மிச்சம், நடைவழியில் வெயில் விழும் பக்கம் வைத்த நான்கைந்து தொட்டிகள். போன ஆண்டு தேக்காவில் வாங்கிய கொள்ளில் ஒரு பிடியை அவற்றில் தூவினார்.

காய் முற்றியதும் ஆயா ஒரு வேலை செய்வார். விடிவதற்குள் எழுந்து, ஈரம் காய்வதற்கு முன்பே காய்களைப் பறித்துவிடுவார். "வெயில் ஏறினா வெடிச்சிடும்" என்பார். கண்ணில் படாமல் தப்பிய சில காய்கள் நண்பகலில் முறுக்கிக்கொண்டு படீரென வெடித்தன. பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியின் வாசல் வரை விதை தெறித்தது.

நான் வாரக்கணக்கில் படித்தும் புரியாதது இதுதான். காட்டுச்செடிக்கு வெடிப்பதுதான் பிழைப்பு. அப்போதுதான் விதை பரவும். மனிதனுக்கு வேண்டியதோ வெடிக்காத காய். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடிக்காமல் நிற்கும் செடிகளின் விதை மனிதன் கைக்கு வருகிறது. அதையே அவன் மறுபடி விதைத்தால், வெடிக்காதவை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகும். ஆனால் ஆயாவைப் போல ஈரத்திலேயே பறித்தால் இரண்டு வகையும் கூடைக்குள் வந்துவிடும், மாற்றம் தாமதமாகும். மேற்காசியாவில் கோதுமையும் பார்லியும் உதிராத பயிர்களாக ஆவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்ததற்கு இப்படிப்பட்ட அறுவடையும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். புரட்சியாவது ஒன்றாவது!

கொள்ளின் தோலிலும் இதே கதைதான். காட்டு விதைக்குத் தடித்த தோல். எப்போது முளைக்கும் என்று சொல்ல முடியாது. விதைப்பவனுக்கு எல்லாம் ஒன்றாக முளைக்க வேண்டும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் சார்லீன் மர்ஃபியும் டோரியன் ஃபுல்லரும் அகழாய்வில் கிடைத்த கொள்ளு விதைகளை உடைக்காமல், சக்திவாய்ந்த எக்ஸ்ரே கதிரில் வைத்து அளந்தார்கள். தோல் காலப்போக்கில் மெலிந்து வந்ததை 2017இல் காட்டினார்கள்.

இத்தனை காலமும் யாரும் வேட்டையை விட்டுவிடவும் இல்லை. தெலங்கானாவின் உட்னூரில் ரேமண்ட் ஆல்சின் 1957இல் தோண்டிய சாம்பல்மேடு, மாட்டுச் சாணத்தைக் குவித்து எரித்ததால் உண்டானது. மாட்டுக் குளம்பின் தடங்கள் கூட அதில் பதிந்திருந்தன. மேய்ச்சல், விதைப்பு, வேட்டை எல்லாம் கலந்த பிழைப்பு அது. ஐந்திணை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் படிக்கட்டு அல்ல, ஒரே வீட்டின் பல அறைகள் என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது.

குடியேறியதால் வாழ்வு உடனே சுகமாகிவிடவும் இல்லை. உலகின் பல இடங்களில் முதல் உழவர்களின் எலும்புகள் குட்டையாகவும் பற்கள் சொத்தையாகவும் இருக்கின்றன. ஆனால் குழந்தைகள் பெருகின, விதைக்குதிர் நிரம்பியது. அதை விட்டுவிட்டு எப்படிப் போவது? கம்பத்தை விட்டு வந்த கதையைக் கேட்டால் ஆயாவும் இப்படித்தான் சொல்வார். குழாயில் தண்ணீர் வந்தது, மழைக்கு ஒழுகவில்லை. ஆனால் முதல் மூன்று மாதம் மண்ணை மிதிக்காமல் கால் கூசியதாம்.

மலாய்ப் பாட்டி தன் வாசலில் தெறித்த விதைகளைப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். ஆயா அவற்றைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டார். வெடிக்காமல் நின்ற காய்களைத் தனியே உரித்து, அதில் பருத்த மணிகளாகப் பார்த்துப் பொறுக்கி, சாம்பல் கலந்து மைலோ டின்னில் போட்டு மூடினார். மூடியின் மேல் 'விதை' என்று எழுதச் சொன்னார், எழுதி ஒட்டினேன்.