குரல் யாருடையது?

'சிங்கின் இன் த ரெயின்' (1952) படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தபோது பழைய ஐயமொன்று தலைதூக்கியது. கீச்சுக்குரல் நடிகை லீனாவுக்காக ஒலிப்பதிவுக் கூடத்தில் கேத்தி இரவல் குரல் கொடுக்கிறாள். ஆனால் அங்கே ஒலிப்பது கேத்தியின் வழமையான குரலல்லவே!

தேடியபோது விளங்கியது. கேத்தியாக நடித்த டெபி ரெனோல்ட்ஸ் வாயசைக்க, அவ்வசனத்தைப் பேசியவர் லீனாவாக நடித்த ஜீன் ஹேகனேதான்! அவரது இயல்பான குரல் அத்தனை கம்பீரமானது. பாடலைப் பாடியவரோ பெற்றி நோயஸ் என்ற மூன்றாமவர்.

மறைந்திருந்து பாடியவளுக்கு உரிய பெயரைப் பெற்றுக்கொடுக்கும் கதை அது. செய்தி மேசையில் பிறர் பெயருக்கு எழுதிக்கொடுத்தே பல ஆண்டுகளைக் கழித்தவன் நான். படத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிச் சென்று பெயர்ப்பட்டியலை இருமுறை ஓடவிட்டேன். நோயஸின் பெயர் அதில் இல்லை.