நகர மண்டபம் எங்கே?

யாழ்ப்பாணத்து நகர மண்டபத்தை நாம் கண்டதில்லை. கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அணித்தாக அது நின்றதென்றும், எண்பதுகளின் போரில் அழிந்ததென்றும் மூத்தோர் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். அவர்கள் நினைவில் அது வரி கட்டும் இடமன்று. நாடகம் பார்த்த இடம், மேடைப்பேச்சுக் கேட்ட இடம்.

அண்மையில் அதனையே மாணவருக்குக் கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்தோம். "இல்லாத மண்டபத்தைப் பற்றி என்னத்தை எழுதுறது, சேர்?" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம்.

பின்னர் சிந்தித்தோம். 1949இல் யாழ்ப்பாணம் மாநகரசபையாயிற்று. 1959இல் நூலகம் திறக்கப்பட்டது. 1981இல் அது எரிந்ததை உலகமே அறியும். புதிய நகர மண்டபத்துக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். கல்லும் சீமெந்தும் பற்றி எம்மவர் பேசாத நாளில்லை. ஆனால், 2023 மார்ச்சில் நாடெங்கும் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தபின், பணமில்லையென்று தேர்தல் தள்ளிப்போடப்பட்டதே! 2025 மே 6 வரையில், ஈராண்டுக்கு மேலாக, மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் இன்றி அதிகாரிகளே சபைகளை நடத்தினர். அத்தாமதம் அடிப்படை உரிமை மீறலென உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. மண்டபம் இடிந்ததற்கு அழுத நாம் மன்றம் வெறிதாய்க் கிடந்ததற்கு அழுதோமா? ஆசிரியர் ஓய்வறையில் அதுபற்றி ஒருநாளேனும் வாதிட்டதாக எமக்கு நினைவில்லை. அரசியல் கற்ற கூட்டம் எனப் பெயர் மட்டும் உண்டு!

கட்டுரைகளுள் ஒன்று எம்மை உறங்கவிடவில்லை. எழுதியவள் வீதி கூட்டும் தொழிலாளி ஒருவரின் மகள். நாடகம், பேச்சு என்று மற்றவர்கள் எழுதியவற்றையே அவளும் எழுதியிருந்தாள். இறுதியில் இரண்டு வரி: "புது மண்டபத்தைக் கூட்ட அப்பா போவார். பின்னேரம் நாடகம் பார்க்கவும் அவருக்கு ஒரு கதிரை இருக்குமா?"

மண்டப வாடகையைக் கலியாண வீட்டாரின் மடியைப் பார்த்து நிர்ணயித்தால், ஊர் நாடகக் குழுவுக்கும் தொழிற்சங்கத்துக்கும் அங்கே என்ன வேலை? வாயிலில் நிற்பவன் உடுப்பைப் பார்த்து வழிவிட்டால் அவள் தந்தைக்குக் கதிரை ஏது?

வருகிற கிழமை வகுப்பார் சேர்ந்து மாநகரசபைக்கு விண்ணப்பம் ஒன்று எழுதவிருக்கின்றனர். வாடகை பற்றி ஒரு பந்தி, கதிரை பற்றி ஒரு பந்தி. முதற் கையொப்பம் அவளுடையது.