ஒற்றைக் கடதாசியில் ஒரு யாளி

ஆடிப்பிறப்பன்று நாரந்தனையிலுள்ள எமது வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்து ஆச்சி பிளாக் கோலுவதைப் பார்த்திருப்பது சிறுபிராயத்தில் எமக்குப் பெரியதொரு விநோதம். பனையின் இளவோலையை விரிப்பார், மடக்குவார், நுனிகளை ஒன்றுசேர்த்து ஓலைக் கீற்றினாலேயே முடிந்துவிடுவார். பசையில்லை, ஊசி நூலில்லை. சற்று முன்வரை தட்டையாகக் கிடந்த ஓலை, கூழேந்தும் பாத்திரமாகிவிடும். ஒரு சொட்டும் ஒழுகாது. தட்டையான பொருளுக்குள் வேறொரு வடிவம் ஒளிந்திருக்கக்கூடும் என்னும் பாடத்தை நாம் முதன்முதலிற் கற்றது அங்கேதான்.

அப்பாடம் எமக்குக் கைகொடுத்த காலம் ஒன்று வந்தது. 1990 இல் யுத்தம் தீவகத்தை வந்தடைந்தபோது, ஊரவர் பலரைப் போல நாமும் உடுத்த உடையுடன் நாரந்தனையை விட்டு நீங்கினோம். வலிகாமத்துப் பள்ளிக்கூடமொன்றின் வகுப்பறையிலே எமக்கு இடங்கிடைத்தது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. வீட்டில் விட்டுவந்த மர யானையைக் கேட்டு இரவெல்லாம் அழுதாள். யாரோ கொடுத்த கொப்பியில் ஓர் ஒற்றையைக் கிழித்து எடுத்தோம். எமக்குத் தெரிந்தவை கப்பலும் குருவியும் மாத்திரமே. மடித்தும் பிரித்தும், பிரித்தும் மடித்தும் இருந்து, விடியற்காலையில் துதிக்கை போன்ற ஒன்றை முன்னே நீட்டிய உருவம் ஒன்று பிறந்தது.

“இது பண்டி” என்றாள் மகள். ஆயினும் அதனை அணைத்துக்கொண்டே உறங்கிப்போனாள். எவரும் சொல்லித்தராமல் நாமே கண்ட முதல் உருவம் அந்தப் பன்றிதான்.

அம்மகள் இன்று கனடாவில் வாழ்கின்றாள். அவளுடைய மகன் விடுமுறைக்கு எம்மிடம் வந்திருந்தான். பயல் யப்பானியர் முறையிலே கடதாசி மடிப்பதில் வல்லவன். சதோஷி கமியா என்னும் யப்பானியர் வெட்டாத ஒரே சதுரத் தாளில், உடலெங்கும் செதில்களோடு மடித்த பறவைநாகத்தின் படத்தைக் காட்டிவிட்டு, “அம்மப்பா, எங்கட ஊரில இப்பிடி ஒண்டும் இல்லையோ?” என்றான். கோயில் தூணிலும் வாகனத்திலும் உள்ள யாளியைக் கூட்டிச்சென்று காட்டினோம். சிங்கத்தின் உடல், யானையின் துதிக்கை. “இதை மடிக்கிறதுக்குப் புத்தகம் இருக்கோ?” என்று அடுத்த கேள்வி பிறந்தது. இல்லையென்றோம். “அப்ப நாங்களே கண்டுபிடிப்பம்” என்றான்.

இக்கலையின் சரித்திரத்தை நேயர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவைப்போம். 1797 இலேயே யப்பானில் கொக்கு மடிப்பதற்கென ஒரு நூல் அச்சாயிற்று. தாளில் ஆங்காங்கே கீறி, பல கொக்குகளைத் தொடராகச் சேர்த்து மடிக்கும் விதத்தை அது கூறுகின்றது. பழைய உருவங்களையே திரும்பத் திரும்ப மடித்துவந்த கலையைப் புதிய பாதையில் திருப்பியவர் அகிரா யோஷிசாவா (1911–2005). இளமையில் இரும்புப் பட்டறைத் தொழிலாளியாயிருந்த அவர், எண்ணற்ற விலங்குகளைத் தாமே படைத்ததோடு, மடிக்கும் முறையைக் கோடுகளாலும் அம்புக்குறிகளாலும் எழுதிக்காட்டவும் வழிசெய்தார். நம்மவரும் பின்னிற்கவில்லை. சுந்தரராவ் என்பவர் தாளை மடித்தே வடிவகணிதம் பயிலும் முறையை ஆங்கிலத்தில் எழுதி, 1893 இல் சென்னையில் வெளியிட்டார். அந்நூல் பின்னர் அமெரிக்காவிலும் பதிப்பிக்கப்பெற்றது.

புதிய உருவத்தைக் காண்பது எங்ஙனம்? முதலில் உறுப்புகளை எண்ணவேண்டும். யாளிக்குக் கால் நான்கு, துதிக்கை ஒன்று, வால் ஒன்று, ஆக ஆறு. சதுரத்துக்கு மூலைகளோ நான்குதான். அடுத்தது பங்கீடு. ஓர் உறுப்பு எவ்வளவு நீளமோ, அவ்வளவை ஆரமாகக்கொண்ட வட்டம் தாளில் அதற்கெனச் சொந்தமாகவேண்டும். மூலையில் எழும் உறுப்புக்கு அவ்வட்டத்தின் நான்கிலொரு பங்கு போதும். ஓரத்தில் எழுவதற்கு அரைவட்டம் வேண்டும். நடுவில் எழுவதற்கு முழுவட்டமே வேண்டும். ஒன்றின் வட்டத்துள் மற்றொன்று புகலாகாது. சகோதரர்கள் காணி பிரிப்பதுபோலத்தான். வேலி தாண்டினால் வழக்கு!

கொப்பிகளுக்கு உறைபோடும் பிறவுண் கடதாசியில் 12 அங்குலச் சதுரம் ஒன்றை எடுத்தோம். ஒரு மூலை துதிக்கை, எதிர்மூலை வால், எஞ்சிய இரு மூலைகளும் முன்கால்கள். வால்மூலையைத் தொடும் இரு ஓரங்களின் நடுப்புள்ளிகளைப் பின்கால்களுக்கு ஒதுக்கினோம். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே 6 அங்குலம்; ஆதலால் காலொன்றுக்கு 3 அங்குலம். கணக்கிற் பிழையில்லை. மூன்று நாள் மடித்தோம். நிமிர்த்திப் பார்த்தால், முன்னே ஆடு, பின்னே யானை! ஓரத்தில் எழுந்த பின்கால்களில் கடதாசி இருமடங்கு சேர்ந்து தடித்துவிட்டது. முன்கால்களோ ஈர்க்குப்போல் மெலிந்து நின்றன. துதிக்கை அளவுக்கு மிஞ்சி நீண்டது. கத்தரிக்கோலை எடுத்து மிகுதியை வெட்டிவிடலாமா என்றுகூட எண்ணினோம்.

பேரன் எமது கையைப் பிடித்தான். “வெட்டினால் அது மடிப்பில்லை, அம்மப்பா. தலையை வாலாக்கிப் பாப்பமே?” என்றான்.

அவன் சொன்னபடியே புதுத் தாளொன்றில் தலைமாற்றி மடித்தோம். தடித்த கால்கள் முன்னே வந்து சிங்கத்துக்குரிய மார்பைத் தந்தன. மெலிந்தவை பின்னே சென்றன. நீண்டிருந்த துதிக்கை, முதுகின்மேற் சுருண்டெழும் வாலாயிற்று. யோஷிசாவா கையாண்ட முறைப்படி ஈரத்துணியால் ஒற்றி வளைத்து உலரவிட்டோம். யாளி விறைப்பாக எழுந்து நின்றது. கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை, இருந்த கடதாசியே போதுமாயிருந்தது.

பயணத்துக்கு முதல்நாள் அவ்யாளியைப் பெட்டியில் எவ்வாறு நசுங்காமல் வைப்பதென்று நாம் யோசித்துக்கொண்டிருக்க, பேரன் அதனை மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் தட்டையாக்கிவிட்டான். எமக்கு நெஞ்சு திடுக்குற்றது.

“கோடெல்லாம் கிடக்குத்தானே. அங்க போய்த் திரும்ப மடிப்பன்” என்று சொல்லி, அத்தாளைத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டான். மர யானை அன்று வீட்டிலேயே நின்றுவிட்டதை நினைத்துக்கொண்டோம். இது புத்தகத்தின் இரண்டு பக்கங்களுக்கிடையே கடல் கடந்துவிட்டது.

இரு வாரங்களின்பின் மகள் தொலைபேசியில் முகங்காட்டிப் பேசினாள். அவளுக்குப் பின்னால் மேசைமேல் யாளி நின்றது. சிறிதுநேரம் அதனையே பார்த்திருந்துவிட்டு எம்மை நோக்கிச் சிரித்தாள்.

“அப்பா, இது பண்டி இல்லை” என்றாள்.