லைன் 100 எம்பி, வேகம் 2 எம்பி... நடுவில் என்ன ஆச்சு?

தஞ்சாவூரில் ஒரு அரிசி மண்டிக்காரர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்கும் பத்து மூட்டைக்கு மேல் கடன் கிடையாது. அந்தப் பணம் வந்து சேர்ந்தால்தான் அடுத்த பத்து மூட்டை லாரி ஏறும். கும்பகோணத்துக் கடையிலிருந்து மறுநாளே பணம் வந்துவிடும். மும்பைக் கடையிலிருந்து வர 25 நாள் ஆகும். அப்படியென்றால் 25 நாளில் கும்பகோணத்துக்கு 250 மூட்டை போகும், மும்பைக்குப் பத்தே பத்து மூட்டை!

மும்பைக்குப் போகும் ரோட்டை எட்டு வழிச் சாலையாக மாற்றினால் வியாபாரம் கூடுமா? கூடாது. ரோடு காலியாகத்தான் கிடக்கிறது. தடையெல்லாம் கடன் வரம்பில் இருக்கிறது.

வணிகவியல் படிப்பவர்கள் இதை கிரெடிட் லிமிட் என்பார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் டிசிபி விண்டோ என்பார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சங்கதிதான்.

இணையத்தில் ஒரு கோப்பை அனுப்பும்போது வழங்கி (அதாங்க, சர்வர்) அதைத் துண்டு துண்டாக்கி அனுப்புகிறது. "வந்து சேர்ந்தது" என்று மறுமுனை ரசீது போடுகிறது. ரசீது வராமல் எவ்வளவு சரக்கை வழியில் விட்டு வைக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. டிசிபி உருவான காலத்தில் அந்த வரம்பைக் குறிக்க 16 பிட் இடம் ஒதுக்கினார்கள். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 65,535. அதாவது சுமார் 64 கேபி.

இப்போது கணக்கு. தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குப் போய் ரசீது திரும்ப 10 மில்லிநொடி என்று வைத்தால், 64 கேபி வரம்பிலேயே நொடிக்கு 52 மெகாபிட் அனுப்பலாம். அமெரிக்காவுக்குப் போய்த் திரும்ப கால் நொடி என்று வைத்தால்? நொடிக்கு 2 மெகாபிட்! அதே வழங்கி, அதே லைன், அதே மாதக் கட்டணம். 100 எம்பி லைனை 1000 எம்பியாக மாற்றினாலும் அதே 2தான்.

இந்தக் கால் நொடியைக் காசு கொடுத்தும் பெரிதாகக் குறைக்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளியே நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். ஆகவே மாற்ற வேண்டியது வரம்பை. 1992-ல் ஆர்எஃப்சி 1323 என்ற ஆவணம் அதற்கு வழி செய்தது. விண்டோ ஸ்கேலிங் என்ற முறையில் வரம்பை 1 ஜிபி வரை உயர்த்தலாம்.

எவ்வளவுக்கு உயர்த்துவது? லைன் வேகத்தைப் போய்வரும் நேரத்தால் பெருக்குங்கள். 100 மெகாபிட் x 0.25 நொடி = 25 மெகாபிட், அதாவது சுமார் 3 எம்பி. லினக்ஸில் டிசிபி_ஆர்மெம், டிசிபி_டபிள்யூமெம் என்று இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. முதலாவது வாங்குவதற்கு, இரண்டாவது அனுப்புவதற்கு. ஒவ்வொன்றிலும் மூன்று எண்கள்: குறைந்தபட்சம், தொடக்க அளவு, உச்ச அளவு. பெரும்பாலும் உச்ச அளவை மட்டும் தொட்டால் போதும்.

தஞ்சாவூரில் 2024-ல் டைடல் நியோ பூங்கா திறந்திருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்து கடல் கடந்த வாடிக்கையாளருக்கு வேலை செய்யப்போகிறவர்களுக்கு இந்தப் பெருக்கல் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்போ எல்லா எண்ணையும் பத்து மடங்கு ஏத்திட்டா என்ன?" என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் ஆபத்து. ஒரு இணைப்புக்கு 3 எம்பி என்றால் ஆயிரம் இணைப்புக்கு 3 ஜிபி நினைவகம் முடங்கும். குடோனில் சரக்கு தேங்கினால் முதல் முடங்குகிற மாதிரி. அது கூடச் சின்ன ஆபத்துதான்.

பெரிய ஆபத்து 1986 அக்டோபரில் நிஜமாகவே நடந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவே தூரம் 400 கெஜம்தான். அந்த இணைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு! நெரிசலில் ரசீது தாமதமாக, "தொலைந்துவிட்டது போல" என்று எல்லா கம்ப்யூட்டர்களும் அதையே திரும்பத் திரும்ப அனுப்பின. நெரிசல் மேலும் கூடியது. ஏன் இப்படி என்று வான் ஜேக்கப்சன் ஆராய்ந்து, மைக் கேரல்ஸுடன் சேர்ந்து தீர்வு கண்டு, 1988-ல் கட்டுரையாக வெளியிட்டார்.

அந்தத் தீர்வு டெல்டாக்காரர்களுக்குப் புதிதல்ல. மேட்டூர் அணையைத் திறந்தால் முதல் நாளே முழு அளவில் விடுவதில்லை. 2023 ஜூன் 12 அன்று 3,000 கன அடியில் தொடங்கி 10,000 வரை படிப்படியாகக் கூட்டுவதாகத்தான் அறிவித்தார்கள். தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும். கீழே வாய்க்கால் தாங்குகிறதா என்று தெரியாமல் மேலே மொத்தமாகத் திறந்தால் கரைதான் உடையும். ஜேக்கப்சனும் இதையே சொன்னார்: கொஞ்சமாகத் தொடங்கு, ரசீது வர வர கூட்டு, ஏதாவது தொலைந்தால் உடனே குறை. லினக்ஸில் 2006 முதல் இயல்பாக வரும் க்யூபிக், 2016-ல் கூகுள் வெளியிட்ட பிபிஆர் எல்லாம் எவ்வளவு வேகமாகக் கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதற்கான வெவ்வேறு விதிகள்தான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஆற்றில் மதகின் ஷட்டர் லஸ்கர் கையில் இருக்கிறது. மேல்மடைக்காரர் இஷ்டத்துக்குத் திறக்க முடியாது. தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். அப்படியிருந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற சண்டை ஓய்வதில்லை! டிசிபியில் ஷட்டர் அனுப்புகிறவர் கையிலேயே இருக்கிறது. நெரிசல் வந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒவ்வொரு வழங்கியும் தானாகக் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. அதை மீறி எண்ணை மாற்றும் நிர்வாகிக்கு அந்த நேரத்தில் வேகம் கூடலாம். அதே பாதையில் சின்ன லைனில் தேர்வு முடிவு பார்க்கக் காத்திருக்கும் மாணவன்தான் கடைமடை.

எனவே வழங்கியில் கை வைக்கும் முன் மூன்று வேலை. முதலில் பிங் அடித்துப் போய்வரும் நேரத்தை அளந்து, மேலே சொன்ன பெருக்கலைப் போடுங்கள். இரண்டாவது, தானாகச் சரிசெய்யும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். லினக்ஸில் 2.6 காலத்திலேயே அது வந்துவிட்டது, விண்டோஸில் சர்வர் 2008-லிருந்து இருக்கிறது. அதற்கு முந்தைய ரெஜிஸ்ட்ரி வைத்தியங்களை இன்று அப்படியே செய்தால் கெடுதல்தான் வரலாம். மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றி, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் வேகத்தை அளந்து எழுதி வையுங்கள். பேரேட்டில் பற்று வரவு எழுதுவது போல.

வரம்பு குறைவாக இருந்தால் உங்கள் லைன் வீண். ஒழுங்கைத் தூக்கி எறிந்தால் ஊர் லைனே வீண். இரண்டுக்கும் நடுவில் எண்ணைப் பிடிப்பதுதான் ட்யூனிங்.